சங்கப் பூக்களும் சித்தன்னவாசல் குன்றும்

பத்துப்பாட்டுள் எட்டாவதாக எண்ணப்பெறும் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் ஆகியது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்று அதன் பழங்குறிப்பு கூறும். அப்பாட்டைப் பாடம் சொல்லும் ஆசிரியர் எவரும் தவறாமல் தயங்கி நிற்கும் இடம் ஒன்றுண்டு. தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியாடி, மலைச்சாரலில் திரிந்து பூக்களைப் பறித்து, மழை கழுவிய அகன்ற பாறையின்மேல் குவிக்கின்றனர். அங்கே 99 பூக்களின் பெயர்கள் அணிவகுத்து வருகின்றன. அவ்வரிசை வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். தேர்வுக்காக மனப்பாடம் செய்வோர் ஒரு சாரார். அப்பகுதியை விட்டு அடுத்த அடிக்குத் தாவுவோர் மறுசாரார். பூவைப் பற்றிய அறிவில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

நச்சினார்க்கினியர் உரையைப் புரட்டினால் அங்கும் பெரிதாக உதவி கிடைப்பதில்லை. பல இடங்களில் அவர் பெயரோடு ‘பூ’ என்னும் சொல்லைச் சேர்த்து உரைத்து மேற்செல்கிறார். அவர் காலத்து மாணாக்கர்க்கு அது போதுமானதாக இருந்தது. காந்தட்பூ என்றால் வேலிக்குச் சென்று பறித்து வரக்கூடியவர்கள் அவர்கள். நமக்கு அது போதாது. இன்றைய மாணவருள் பலர் பூவைக் கடையில் முழக்கணக்கில் வாங்கும் பொருளாகவே அறிவர்.

பூப்பெயரைப் பூவோடு பொருத்திக் காண்பது அழகுக்காகச் செய்யும் பொழுதுபோக்கன்று; பாட்டின் வாதமே சில இடங்களில் பூவின் இயல்பைப் பற்றி நிற்கிறது என்பதைச் சித்தன்னவாசல் குன்றில் எம் துறை மாணவருடன் மேற்கொண்ட நடைகளின் துணைகொண்டு எடுத்துக்காட்ட இக்கட்டுரை முற்படுகிறது.

உதிர்ந்த பெயர்கள்

டாக்டர் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889-இல் பதிப்பித்தார். அப்பணியின்போது அவருக்குக் கிடைத்த ஏடுகளில் இப்பூவரிசையின் ஓரிடம் சிதைந்து, சில பூக்களின் பெயர்கள் இல்லாமற் போயிருந்தன. பின்னர்த் தருமபுர ஆதீனத்து ஏடொன்றில் அவை கிடைத்தன. இதனை அவரே ‘உதிர்ந்த மலர்கள்’ என்னும் கட்டுரையில் எழுதியிருக்கிறார். கபிலர் கட்டிய மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களை ஐயர் அவர்கள் தேடி எடுத்து மீண்டும் கோத்தார். பெயர்கள் நமக்கு மீண்டன. அப்பெயர்களுக்குரிய செடிகளைத் தேடும் பணி அதன்பின் தொடங்கியது. பி.எல். சாமி அவர்களின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் வெளியிட்ட கு. சீநிவாசன் அவர்களின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ ஆகிய நூல்கள் அவ்வழியில் பெரிதும் போற்றத்தக்கவை. தாவரவியலார் பக்கத்திலிருந்து திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரகத்தில் அருட்தந்தை கே.எம். மாத்தியூ செய்த பணியும் இங்கு நினைக்கத்தக்கது. தமிழ் படிப்போர் அத்தகைய உலர்தாவரகத்திற்குச் செல்லும் வழக்கம் அரிது. தாளில் ஒட்டிய காய்ந்த கிளையானாலும், பெயரை மட்டும் மனப்பாடம் செய்வதினும் அது மேல்.

குன்றும் வழியும்

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் அன்னவாசலை அடுத்து நிற்கும் சித்தன்னவாசல் குன்று பெரும்பாலோர்க்கு அதன் ஓவியத்தால் மட்டுமே அறிமுகம். வண்டியில் வந்து, அறிவர் கோயிலைப் பார்த்து, வண்டியில் திரும்புவோரே மிகுதி. ஆயின் குன்றின் முதுகுக்கு ஏறும் வழியும் உண்டு. வெற்றுப் பாறைமேல் ஏறி, முகட்டைக் கடந்து, மறுபுறச் சரிவில் ஒடுங்கிய விளிம்போடு சென்றால் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் வரும். அங்கே சமணத் துறவியர்க்கென வழவழப்பாகச் செதுக்கப்பெற்ற கற்படுக்கைகள் 17 உள. அவற்றுள் ஒன்றில் தமிழி எழுத்தில் அமைந்த பழங்கல்வெட்டு காணப்படுகிறது. குன்றின் மேல் நாவல் மரத்தால் பெயர்பெற்ற நவச்சுனை என்னும் சுனையும் உண்டு.

மேலைநாட்டார் எழுதும் வசந்தகால மலைநடைகளைப் படித்துவிட்டு இக்குன்றுக்கு வருவோர் ஏமாற்றமடைவர். பனிமிகுந்த நாடுகளில் பனி உருகியதும் தரையிலுள்ள சிறு செடிகள் பூக்கும். அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலங்களிலும் குளிர்கால மழை நன்கு பெய்த ஆண்டுகளில் மலையிடுக்குகளின் ஓரமெல்லாம் தரையே பூவாகும் என்பர். நம் நிலத்தின் முறை இதற்கு மாறானது. இங்குத் தரைப்பூக்கள் வடகிழக்குப் பருவமழையோடு வந்து மார்கழியோடு போய்விடும். தும்பையையும் செங்காந்தளையும் காண விழைவோர் ஐப்பசி, கார்த்திகையில் வரவேண்டும். செங்காந்தளுக்கு ஊரார் வழங்கும் பெயரே கார்த்திகைப் பூ என்பதுதான். மாசிக்குள் புல் வைக்கோலாகிவிடும். அதன்பின் பூப்பவை மரங்களும் புதர்களுமே. ஆழ வேரூன்றியவை நிலத்தடி ஈரத்தைக்கொண்டு பூக்கின்றன. பல மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் காலமாதலால் பூ வண்டுக்கு எளிதில் புலப்படும். அப்போது பூத்தால்தான் வேம்பின் பழமும் நாவலின் பழமும் ஆனி, ஆடியில் கனிந்து, விதை அடுத்த மழைக்கு முன் மண் சேரும். ஆகவே இளவேனிலில் இக்குன்றில் நடப்போர் கண்ணைத் தரையில் வைத்தல் கூடாது. சற்றே நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

பங்குனி இறுதியிலோ சித்திரை முதலிலோ ஒரு நாள் காலையில் ஏறி, பாறை சுடத் தொடங்குமுன் இறங்கிவிடுவது எம் வழக்கம். அடிவாரத்தில் வேம்பும் புங்கும் பூத்துக் கொட்டிக் கிடக்கும். புங்கம்பூவின்மேல் நடப்பது பொரியின்மேல் நடப்பது போன்றிருக்கும் என்று மாணவி ஒருவர் சொன்னார். பொரியைப் புங்கம்பூவுக்கு உவமையாக்குவது பழைய புலவர் மரபு என்பது அவருக்கு அப்போது தெரியாது. சற்று மேலே உசிலும் ஆவாரையும். பாறை இடுக்குகளில் கள்ளியும் சூரை முள்ளும். நாவல் பூத்திருந்தால் பூவைக் காணுமுன் வண்டின் ஒலி காதில் விழும்.

இவற்றுள் வேம்பு, புங்கு, நாவல், எருக்கு ஆகியவை கபிலரின் 99 பூக்களுள் இல்லை என்பதை மாணவர்களே கண்டுபிடித்தனர். அதனைக் கபிலரின் குறை என்று கொள்ளலாகாது. அவர் தந்திருப்பது காட்டின் கணக்கெடுப்பன்று. இரு பெண்கள் விரும்பிப் பறித்துக் குவித்தவற்றின் பட்டியல். எருக்கினை அவர் அறியாதவரும் அல்லர். பாரியின் கொடையைப் பாடும் புறநானூற்று 106-ஆம் பாட்டில் எருக்கம்பூவைச் சூட்டினாலும் கடவுள் ஏற்காதிருப்பதில்லை என்னும் கருத்தை வைத்தவர் அவரே. அந்தப் பாரியின் பறம்புமலை இன்று பிரான்மலை எனப்படுகிறது. நம் மாவட்டத்துப் பொன்னமராவதியிலிருந்து எளிதில் சென்று சேரலாம். அம்மலைமேல் இறைநேசர் ஒருவரின் தர்காவும் உண்டு என்பதை நம் பெரியோர் அறிவர். கபிலர் நடந்த பாறையும் நாம் நடக்கும் பாறையும் ஒரே வறண்ட நிலத்தின் பாறைகள்தாம்.

கொன்றையின் வழக்கு

நடைக்கு முன் ஒருமுறை, வகுப்பில் ‘கொன்றை’ என்று சொல்லி அனைவரையும் வரையச் சொன்னேன். பாதிப்பேர் செந்நிறப் பூவை வரைந்தனர். கல்லூரிச் சாலைகளில் வேனிலில் தீப்பற்றியது போல் பூக்கும் மயிற்கொன்றையை அவர்கள் வரைந்திருந்தனர். அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம். கபிலருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்னும் சிலர் பேருந்துச் சாலையோரத்து மஞ்சள் கொன்றையை வரைந்தனர். அதுவும் தென்கிழக்காசியாவிலிருந்து வந்ததே. சரக்கொன்றையை வரைந்தவர் சிலரே.

இம்மூன்றையும் பிரித்தறியக் கபிலரே வழி சொல்லியிருக்கிறார். குறிஞ்சிப்பாட்டில் கொன்றைக்கு அவர் தரும் அடைமொழி, தொங்கும் பூங்கொத்தை உடையது என்னும் பொருளது. மயிற்கொன்றையின் கொத்தும் மஞ்சள் கொன்றையின் கொத்தும் மேல்நோக்கி நிற்பவை. சரக்கொன்றையின் கொத்து விளக்குச் சரம்போல் கீழ்நோக்கித் தொங்குவது. சங்கப் புலவரின் அடைமொழியை அடிநிரப்பும் சொல்லாகக் கருதிக் கடந்துசெல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. மரத்தடியில் நின்று பார்த்தபோதுதான் அவ்வொரு சொல் ஓர் இலக்கணம் என்பது மாணவர்க்கு விளங்கியது.

இனி, இதனினும் ஆழமான செய்தி ஒன்று. முல்லைத்திணைக்குரிய பெரும்பொழுது கார். உரையாசிரியர் அதனை ஆவணி, புரட்டாசி என்பர். கொன்றை காரின் பூ என்பதே பாடம். நப்பூதனாரின் முல்லைப்பாட்டும் காயா மை போலவும், கொன்றை பொன் போலவும், கோடல் கைபோலவும், தோன்றி குருதி போலவும் மலர்ந்த மழைக்காலக் காட்டைக் காட்டுகிறது. ஆயின் சித்தன்னவாசலில் நாங்கள் பூத்துக் கண்ட கொன்றைகள் சித்திரையில் பூத்தவை. ஆவணிக்கு இன்னும் நான்கு திங்கள் உள்ளன. அப்படியாயின் பாட்டு பிழையா, மரம் பிழையா என்று மாணவர் வினவினர்.

இவ்வினாவுக்கு விடை குறுந்தொகையிலேயே இருக்கிறது. கோவர்த்தனார் பாடிய 66-ஆம் பாட்டில், கார் வருமுன் மீள்வேன் என்று சொல்லிப் பிரிந்த தலைவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி, இக்கொன்றைக்கு அறிவில்லை, பருவமல்லாத காலத்துப் பெய்த மழையைக் கார் என்று மயங்கிப் பூத்துவிட்டது என்கிறாள். ஓதலாந்தையாரின் 21-ஆம் பாட்டில் தலைவியே பேசுகிறாள்: பூத்த கொன்றையைக் காட்டிக் காடு இது கார் என்று சொன்னாலும் நான் நம்பேன், அவர் பொய் சொல்லமாட்டார்.

இவ்விரு பாட்டுகளையும் ‘பருவ மாறுபாடு கூறி ஆற்றுவித்தல்’ என்று குறிப்பெழுதி முடித்துவிடுகிறோம். தோழி அன்பினால் சொல்லும் இனிய பொய் என்றே மாணவர் கொள்கின்றனர். சிலர் தேர்வுத்தாளில் ‘கற்பனை நயம்’ என்றும் எழுதுகின்றனர். குன்றில் நின்றவர் அவ்வாறு எழுதமாட்டார். கொன்றை காரில் மட்டுமே பூக்கும் மரமாயின் தோழியின் சொல்லுக்கு அடிப்படையே இல்லை. தலைவி ஒரு நொடியில் அதனைத் தள்ளிவிடுவாள். கொன்றையோ வேனிலில் ஒரு கோடைமழை விழுந்தாலும், விழாவிட்டாலும் கூடப் பூத்து நிற்கக்கூடிய மரம். மழைவளத்தையும் இடத்தையும் பொறுத்து அதன் பூக்காலம் முன்பின்னாகும். இதனைத் தலைவியும் அறிவாள், தோழியும் அறிவாள், பாட்டைக் கேட்டவர் அனைவரும் அறிவர். ஆகவேதான் தோழியின் சொல் ஆறுதலாகிறது. அது பொய்யன்று, மெய்யாக இருக்கக்கூடிய ஒன்று. 21-ஆம் பாட்டின் தலைவியும் கண்மூடித்தனமாகப் பேசவில்லை. பல காலத்தும் பூக்கவல்ல மரத்தின் சாட்சியத்தையும், சொல் தவறாத ஒருவனின் சாட்சியத்தையும் எதிரெதிர் வைத்து, எது நம்பத்தக்கது என்று தீர்ப்புச் சொல்கிறாள். ஒரு வழக்குமன்றத்தின் நேர்மை அப்பாட்டில் இருக்கிறது. என் கருத்தில் புலவர் அவ்விடத்திற்குக் கொன்றையைத் தேர்ந்ததற்குக் காரணமே அம்மரத்தின் இந்த இரட்டைத் தன்மைதான்.

மாசியில் கேட்டது

2022, 2023 ஆகிய ஆண்டுகளில் நாங்கள் வழக்கமாக நடக்கும் நாட்கள் ரமலான் மாதத்தில் அமைந்தன. நோன்பு நோற்கும் மாணவரை வெயிலில் பாறைமேல் ஏற்றுவது முறையன்று எனக் கருதி நடையை மாசி இறுதிக்கு முன்தள்ளினோம். அதனால் நமக்கு இன்னொரு பருவம் காணக் கிடைத்தது. கொன்றையில் பூவில்லை, சென்ற ஆண்டின் நீண்ட கருங்காய்கள் மட்டும் தொங்கின. வரும் வழியில் ஊர்வேலிகளில் கல்யாணமுருங்கை இலையின்றிச் செம்பூ ஏந்தி நின்றது. குளக்கரை இலுப்பையடியில் விடியலில் விழுந்த பூக்களை ஒருவர் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார். சங்கப் பாட்டில் கரடி விரும்பியுண்ணும் இருப்பைப்பூ அதுவே என்றதும் மாணவர் சிலர் உண்டு பார்த்தனர். இனிப்பு பிடித்தது, மணம் பிடிக்கவில்லை.

அந்நாளில் நாங்கள் பெற்றவற்றுள் சிறந்தது பூவன்று, ஓசை. அடிவாரத்து வாகை இலையெல்லாம் உதிர்த்து, வெளுத்த நெற்றுகளுடன் நின்றது. காற்று அடிக்கும்போதெல்லாம் கலகலவென்ற ஒலி. குறுந்தொகை 7-ஆம் பாட்டில் பெரும்பதுமனார், கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலிக்கு வாகை நெற்றின் ஒலியை ஒப்பிடுகிறார். ஒரு நெற்றை எடுத்துக் குலுக்கினால் அவ்வுவமை மிகை என்று தோன்றும். ஒரு மரம் முழுதும் ஒருசேர ஒலிக்கும்போது அதனைப் பறை என்பதன்றி வேறு சொல்ல இயலாது. பாலைநிலத்து வழியில் உடன்போக்காகச் செல்லும் இருவரைக் கண்டோர் இரங்கும் பாட்டு அது. ஆளற்ற காட்டில் அவ்வொலி எவ்வளவு அச்சம் தரும் என்பது அம்மரத்தடியில் பேச்சை நிறுத்தி நின்றபோது விளங்கிற்று.

ரபீஉம் ரைஹானும்

ரமலானை ஒட்டி நடைநாளை மாற்றியது இன்னொரு சிந்தனைக்கும் இடமளித்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த திங்கள் ரபீஉல் அவ்வல். ரபீஉ என்பது வசந்தத்தையும், மழையால் தழைக்கும் பசுமையையும் உணர்த்தும் அரபுச்சொல். பிறையாண்டு ஏறத்தாழ 354 நாளே ஆதலால், அத்திங்கள் ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவில் முன்நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. பெயரில் வசந்தம் இருக்க, திங்கள் அடைமழையிலும் வரும், அக்கினி வெயிலிலும் வரும். பெயர் ஒரு பருவத்தைச் சொல்ல, காலம் வேறொன்றைக் காட்டும் நிலை கொன்றைக்கு மட்டும் உரியதன்று என்று கூறியபோது மாணவர் நன்கு உணர்ந்தனர்.

முஸ்லிம் நிறுவனத்து மாணவரைச் சமணர் குன்றுக்கு ஏன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று சமுதாயப் பெரியவர் ஒருவர் உரிமையோடு வினவினார். வினா நியாயமானதே, விடை கூறுவது ஆசிரியர் கடமை. உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்து நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போது தமிழ்நாட்டு மலையையும் காட்டையும் வயலையும் அங்கே கொண்டுபோய் வைத்துத்தான் பாடுகிறார். ஐந்திணையை அறியாதவர்க்கு அப்படலம் திறவாது. நாம் நம் பிள்ளைகளுக்கு உமறுவைக் கற்பிக்க விரும்பினால், உமறு கற்றவற்றையும் கற்பிக்க வேண்டும். திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் இறையருளாக எண்ணப்படுவனவற்றுள் ரைஹான் என்னும் நறுமணச் செடியும் ஒன்று என்பதை அப்பெரியவரே பின்னர் எடுத்துச் சொன்னார். அடுத்த நடைக்கு அவர் பேரனையும் அனுப்பிவைத்தார்.

தாமரை பறிப்போர்

குன்றிலிருந்து இறங்கியபின் அறிவர் கோயில் ஓவியத்தைக் காட்டுவது எம் முறை. முதலில் ஓவியம் பார்த்துப் பின் ஏறுவதைவிட இதுவே சிறந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்குடைவரையைப் புதுப்பித்த செய்தியைக் கல்வெட்டு தருகிறது. விதானத்தில் தாமரைப் பொய்கை. அதில் மீனும் அன்னமும் எருமையும் யானையும். நடுவே பூப்பறிக்கும் ஆடவர். ஒருவர் கையில் பூக்குடலை. காலையெல்லாம் பூவைத் தேடி நடந்து கால் சோர்ந்த மாணவர், பூக்கொய்வோரின் உருவத்தை அண்ணாந்து பார்க்கும்போது அதனை ஒரு பாடமாகப் பார்ப்பதில்லை. தம் கூட்டத்தாரைக் காண்பதுபோல் பார்க்கின்றனர். ஓவியன் தாமரை இலையின் பின்புறத்தையும், மடங்கிய விளிம்பையும், அரும்பு, போது, மலர் என்னும் நிலைகளையும் வேறுபடுத்தித் தீட்டியிருக்கிறான். அவனும் குளக்கரையில் நின்று பார்த்தவனே.

ஊர்வாயில் வாழும் பெயர்கள்

குறிப்பேட்டில் ஒவ்வொரு பூவுக்கும் நான்கு செய்திகள் எழுத வேண்டும் என்பது எம் ஏற்பாடு: இலக்கியப் பெயர், ஊர்ப்பெயர், பூத்த தமிழ்த் திங்கள், சொன்னவர் யார். இவற்றுள் ஊர்ப்பெயரே பெருஞ்செல்வம். ஆவிரை ஆவாரையாகவும், சூரல் சூரையாகவும், பூளை சிறுபீளையாகவும், கருவிளை சங்குப்பூவாகவும், சிந்துவாரம் நொச்சியாகவும், கூவிளம் வில்வமாகவும் நம்மிடையே இருக்கின்றன. காயாவைக் காண ஏங்கிய மாணவர் ஒருவருக்கு அதன் நீலப்பூவைக் காட்டியபோது, “ஐயா, இது எங்கள் ஊர்க் காசான். இதன் குச்சியைத்தான் எங்கள் அத்தா ஆட்டுக்கொட்டகைக்கு வெட்டி வருவார்” என்றார். திருமாலின் மேனிக்கும் மயிலின் கழுத்துக்கும் புலவர் ஒப்பிட்ட பூ தம் வீட்டுக் கொட்டகையில் இருந்ததை அவர் அன்றுதான் அறிந்தார். வகுப்பில் வாய் திறவாத அம்மாணவர் அன்று எங்களுக்கு ஆசிரியராயிருந்தார் என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். உரைகாரர் கைவிட்ட இடத்தில் ஆடுமேய்ப்போரும் நாட்டு மருந்து இடிக்கும் மூதாட்டியரும் கைகொடுக்கின்றனர்.

ஆயின் இவ்வூர்ப்பெயர்கள் செடியோடு வாழ்பவை. செடி போனால் பெயரும் ஒரு தலைமுறையில் போய்விடும். நம் மாவட்டத்துக் காட்டுநிலத்தின் பெரும்பரப்பில் இன்று நிற்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரம். 1974-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் கூழ்மரத்துக்காக அதனைப் பெருமளவில் வளர்த்து வருகிறது. தைலமரக் காடுகளால் கண்மாய்களின் வரத்துவாரிகள் தடைப்படுகின்றன என்பது இம்மாவட்ட உழவர் நெடுநாளாக எழுப்பிவரும் குறை. தமிழாசிரியனுக்குத் தெரியும் குறை வேறு: வரிசையாக நட்ட அம்மரங்களினூடே நடந்தால் கபிலரின் பட்டியலிலிருந்து ஒரு பூவையும் எழுதமுடிவதில்லை. தரிசெங்கும் பரவிய சீமைக்கருவேலமும் அத்தகையதே. காசானும் வீரையும் உலக்கைப்பாலையும் இன்று அடர்ந்து நிற்குமிடங்கள் அய்யனார் கோயிற்காடுகளே. வெட்டினால் தெய்வக்குற்றம் என்ற அச்சம் அவற்றைக் காத்து நிற்கிறது. திருமயம் சாலையிலுள்ள காட்டுபாவா பள்ளிவாசலுக்குச் செல்வோர் பலர். அப்பெயரில் இருக்கும் காடு எத்தகைய காடாக இருந்தது, அங்கே என்ன பூத்தது என்பதைச் சொல்லக்கூடிய முதியவர் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டு எழுதிவருவது இவ்வாண்டு இரண்டாமாண்டு மாணவர்க்குரிய பணி. ஏட்டில் உதிர்ந்த பெயர்களுக்குத் தருமபுரத்தில் மற்றோர் ஏடு இருந்தது. வாய்வழக்கில் உதிரும் பெயருக்கு அத்தகைய இரண்டாம் ஏடு கிடையாது.

கொன்றையைப் பற்றிய வினா இன்னும் முடியவில்லை. அடிவாரத்தில் ஒன்று, ஏறும் வழியில் ஒன்று, அன்னவாசல் சாலையில் ஒன்று என மூன்று கொன்றைகளைக் குறித்து வைத்திருக்கிறோம். அன்னவாசலிலிருந்து வரும் மாணவி ஒருவர் வாரந்தோறும் அவற்றைப் பார்த்து, பூ, காய், இலை, மழை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவருகிறார். ஆவணி, புரட்டாசியில் அவற்றுள் ஒன்றேனும் மறுமுறை பூக்குமாயின், நப்பூதனாரின் கொன்றையும் கோவர்த்தனாரின் கொன்றையும் ஒரே கிளையில் பூத்தவை என்பதற்கு நம் குன்றிலேயே சான்று கிடைக்கும். பூக்காவிடில் அதனையும் அவர் எழுதிவைப்பார்.